யோகாவுக்குப் போங்கள், ஆனால் மத்தியானச் சோற்றை விடாதீர்கள்

கேள்வி:

வணக்கம்ங்க மேடம். எனக்கு 41 வயசு. பல்லடத்துக்குப் பக்கத்துல இருக்கோம். வீட்டுக்காரர் கறிக்கோழிப் பண்ணை வெச்சிருக்கார், நான் நூல் மில் ஆபீஸ்ல கணக்கு எழுதறேன். உயரம் 157 செ.மீ., எடை 78 கிலோ. பத்து வருசமா டயட்டுதான். ஜி.எம். டயட், பேலியோ, பதினாறு மணி நேர விரதம், டப்பா பவுடரைக் கரைச்சுக் குடிக்கறதுன்னு எல்லாமே பார்த்தாச்சு. ஒவ்வொரு தடவையும் ஆறு, ஏழு கிலோ குறையும். அப்புறம் வட்டியோட திரும்பி வந்துரும். இப்பவும் காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் வெள்ளரிக்காயும் ஒரு டம்ளர் மோரும்தான். ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என்ன ஆகுதுன்னே தெரியல, சமையக்கட்டுல நின்னுக்கிட்டே மிக்சர் டப்பாவைக் காலி பண்ணிடறேன். அப்புறம் அழுகையா வருது. போன மாசம் ரத்தம் பார்த்ததுல எச்.பி.ஏ.1.சி. (மூணு மாசச் சராசரி சர்க்கரை) 6.1, சர்க்கரை பார்டர்ல இருக்குன்னு டாக்டர் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா மனவளக்கலை மன்றத்துக்கு யோகாவுக்குக் கூப்பிடறாங்க. டயட்டே வேண்டாம், யோகாவும் மைண்ட்ஃபுல் ஈட்டிங்கும் போதும்னு யூடியூப்ல ஒருத்தர் சொல்றார். நம்பலாமா? வைகாசியில ரெண்டு கல்யாணம் வேற இருக்கு, ஒறம்பரைக முன்னால வேண்டாம்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, பிளஸ் டூ படிக்கற என் பொண்ணும் இப்ப ராத்திரிச் சோத்தை நிறுத்திட்டா. எனக்கு வைராக்கியம் இல்லாததுதான் எல்லாத்துக்கும் காரணமா?

– ஒரு வாசகி, பல்லடம்

பதில்:

வணக்கம்ங்க. உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வைராக்கியம் இல்லாதவர் யாரும் பத்து வருடமாக ஒரு டயட் விட்டு இன்னொரு டயட் என்று இருக்க மாட்டார்கள். உங்களிடம் அது வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. சாயங்காலம் மிக்சர் டப்பாவுக்கு முன்னால் நடப்பதை உங்கள் மனசின் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் பெரும்பங்கு வெறும் பசி.

கணக்கு எழுதுபவர் நீங்கள், கணக்காகவே பார்த்துவிடுவோம். சட்னியோடு இரண்டு இட்லி சுமார் 200 கலோரி. வெள்ளரிக்காயும் மோரும் சேர்ந்து 60, 70 தேறும். நடுவில் ஆபீஸ் டீ இருந்தால் இன்னொரு 100 வைத்துக்கொள்ளுங்கள். ஆக, சாயங்காலம் வீட்டு வாசலில் நீங்கள் வண்டியை நிறுத்தும்போது வயிற்றுக்குள் போயிருப்பது 400 கலோரிகூட இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி தேவை. முக்கால் நாள் ஓடிய பிறகும் வரவு கால் பங்கைத் தொடவில்லை. அந்த நேரத்தில் உடம்பு பீன்ஸ் பொரியலையா கேட்கும்? மாவும் எண்ணெயும் உப்பும் ஒரே இடத்தில் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் கை போகும். டப்பாவைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவதும் அதனால்தான். தட்டு எடுத்து, உட்கார்ந்து சாப்பிடும் பொறுமையெல்லாம் அந்தப் பசிக்குக் கிடையாது.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 1944ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆறு மாதம் அரைப்பட்டினி. நாளுக்குக் கொடுத்தது சுமார் 1,570 கலோரி. இன்றைக்கு வாட்ஸாப்பில் சுற்றும் பல டயட் சார்ட்டுகள் இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த இளைஞர்கள் யார் தெரியுமா? மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிப் போருக்குப் போக மறுத்தவர்கள். ஊரே ஏசினாலும் அசையாத ஆட்கள். வைராக்கியத்தில் அவர்களுக்கு மார்க் போட நம்மால் ஆகாது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு இறங்கியதும் அவர்களுக்குப் பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே ஆகிவிட்டது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பாடு கிடைத்த பிறகும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இன்னும் பசிக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. குறைந்த எடை திரும்பியது, பலருக்குக் கொழுப்பாகத் திரும்பியது. நீங்கள் ‘வட்டியோட வந்துரும்’ என்று எழுதியதும் இதைத்தான்.

இன்னொரு சோதனையும் உங்கள் வீட்டுச் சமையல்கட்டுக்குப் பொருந்தும். 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்கள் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள். பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடும் பெண்கள், மில்க்‌ஷேக் குடித்த வயிறு என்பதால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் எடைக்குப் பயந்து கட்டுப்பாட்டில் இருந்த பெண்கள் நேர்மாறாக, மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘இன்னைக்கு டயட் போச்சு, இனி நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்ற நினைப்பு. மிக்சரில் ஒரு கைப்பிடி எடுத்ததும் டப்பா முழுக்கக் காலியாவதற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம். கட்டுப்பாடு கடுமையாக இருக்கிற அளவுக்கு, அது உடையும்போது நடக்கும் சேதமும் பெரிதாக இருக்கிறது.

அதனால் டயட்டை விடுகிறேன் என்று நீங்கள் சொன்னால் என் ஓட்டு அதற்கே. ஆனால் விட்ட இடத்தில் எதை வைப்பது என்பதில் யூடியூப்காரர் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம்.

யோகாவை எடுத்துக்கொள்வோம். எடையைக் கரைக்கிற வேலையில் அது கெட்டி இல்லை. நிதானமாக ஆசனங்கள் செய்யும் ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் எடைக்குச் செலவாவது சுமார் 200 கலோரி. வகுப்பு முடிந்து வரும் வழியில் பேக்கரியில் ஒரு டீயும் ஒரு முட்டை பப்ஸும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், மிச்சம்கூட ஏறும். (நம் பக்கம் பஸ் ஸ்டாப் இல்லாத ஊரிலும் பேக்கரி இருக்கிறது, என்ன செய்வது.) அதே ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் இன்னும் 100 கலோரியாவது கூடுதலாகச் செலவாகும். கலோரிதான் நோக்கம் என்றால் நடைக்கே போகலாம்.

அப்படியிருந்தும் உங்களை யோகாவுக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் வேறு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே ஐம்பதுகளில் இருந்த 15,000க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் கேட்டு 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கு வருடத்துக்கு மேல் தொடர்ந்து யோகா செய்தவர்களுக்கு, நடுவயதில் ஏறும் எடை மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியிருந்தது. ஏற்கெனவே கனமாக இருந்தவர்களிடம் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ஆசனம் செய்து எரித்த கலோரியை வைத்து இதை விளக்க முடியவில்லை. அதனால் அதே குழு, ஒருவர் எவ்வளவு கவனித்துச் சாப்பிடுகிறார் என்று அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்து, 2009இல் முடிவை வெளியிட்டது. வயிறு நிறைந்ததும் நிறுத்துகிறாரா, வேறு வேலை பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாரா, மனசு சரியில்லாதபோது சாப்பாட்டைத் தேடுகிறாரா என்பது மாதிரியான கேள்விகள். யோகா செய்பவர்களின் மதிப்பெண் கூடுதலாக இருந்தது. நடைப்பயிற்சிக்கும் அந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. இயல்பிலேயே நிதானமானவர்கள்தான் யோகாவுக்குப் போகிறார்கள் என்றும் வாதம் செய்யலாம், இந்த வகை ஆய்வில் அந்த ஓட்டை எப்போதும் உண்டு. ஆனாலும் இவ்வளவு வருடமாகப் பலரிடம் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது.

ஒரு ஆசனத்தில் அசையாமல் இருக்கும்போது தொடை இழுக்கிறது, எழுந்துவிடலாமா என்று தோன்றுகிறது. நாலு மூச்சு விடுகிறீர்கள், அந்த இழுப்பு தானாகவே கொஞ்சம் தணிகிறது. உடம்பு ஒன்றைக் கேட்கிறது, உடனே கொடுக்க வேண்டியதில்லை, அடக்கவும் வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அங்கே பழகுகிறது. டயட்டில் நீங்கள் பழகியது வேறு. பசித்தால் தண்ணீர் குடி, வயிறு கத்தினால் கவனிக்காதே என்று. உள்ளேயிருந்து வரும் குரலைப் பத்து வருடம் கேட்காமல் இருந்தால் அது போதும் என்று சொல்வதும் சேர்ந்தே காதில் விழாமல் போய்விடுகிறது. அந்தக் காதைத் திரும்பத் திறந்துவிடுவதுதான் யோகாவிடம் நான் எதிர்பார்க்கிற வேலை.

மன்றத்தில் வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியைச் சொல்லித் தருவார்கள். கை, கால், மூச்சு, கண் என்று போய், கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர் முடித்துக் கடைசியில் உடல் தளர்த்தலில் படுக்க வைப்பார்கள். பிரத்யேக டிரெஸ், பாய், வளையும் உடம்பு எதுவும் தேவையில்லை, உங்களுக்குத் தாராளமாகப் பொருந்தும். இதில் பலரும் வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று விட்டுவிடுவது அந்தக் கடைசித் தளர்த்தலைத்தான். தயவுசெய்து அதை விடாதீர்கள். ரத்தக்கொதிப்போ குடலிறக்கமோ இருந்தால் கபாலபதி வேண்டாம் என்று சொல்லிக்கொடுப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். முட்டி வலி இருந்தால் வஜ்ராசனத்தில் உட்காரக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் மூன்று மணி நேர இடைவெளி இருக்கட்டும். காலை வகுப்பு என்றால் முடிந்து வந்ததும் காலைச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிடுங்கள். யோகா செய்துவிட்டு வெறும் வயிற்றோடு மில்லுக்கு ஓடினால் சாயங்காலம் பழைய கதைதான்.

அப்புறம், மைண்ட்ஃபுல் ஈட்டிங், அதாவது கவனித்துச் சாப்பிடுவது. இதில் ஒரு வரிசை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. வயிறு காயும்போது கவனம் எல்லாம் வராது. கொலைப்பசியில் இருப்பவரிடம் ‘ஒவ்வொரு வாயையும் ரசித்துச் சாப்பிடுங்கள்’ என்று சொல்வது ஒரு வகைக் கொடுமை. அதனால் உங்களுக்கு முதல் பாடம் மத்தியானச் சோறு.

அரிசிம்பருப்பு சோறு வீட்டில் செய்வீர்கள்தானே? துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் போட்டு வடிக்காமல் குழைய வைக்கிறது. அதை ஒரு தூக்குப்போசியில், நீங்கள் டயட்டுக்கு முன் சாப்பிட்ட அளவில் முக்கால் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியின் அளவைக் கொஞ்சம் இறக்கி, பருப்பை ஏற்றிப் போடச் சொல்லுங்கள். சர்க்கரை பார்டரில் இருப்பதால் இது அவசியம். கூடவே ஒரு பொரியல், தயிர். இன்னொரு நாள் பச்சைப்பயறு கடைசல், இன்னொரு நாள் கொள்ளுப்பருப்பு, முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அதுவும். கொள்ளு என்றதும் ஞாபகம் வருகிறது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிக் காலையில் கொள்ளுத் தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று நம் ஊரில் எல்லாரும் வைத்தியராகிவிடுகிறார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் நிறைய, அதனால் சாப்பிட்டது வயிற்றில் நிற்கும். வேகவைத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போடாமல் நீங்களே சாப்பிட்டால் அந்தப் பலன் கிடைக்கும்.

ஆபீஸில் கம்ப்யூட்டரில் டேலி கணக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பழக்கம் இருந்தால் பதினைந்து, இருபது நிமிடம் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். முதல் மூன்று வாய்க்கு மட்டும் முழுக் கவனம் கொடுங்கள், அது போதும். மூடியைத் திறந்ததும் பூண்டும் நெய்யும் கலந்து ஒரு மணம் வரும். கையில் எடுத்தால் சூடு இருக்கிறதா, ஆறிவிட்டதா? வாயில் போட்டதும் முதலில் தெரிவது உப்பா, மிளகின் காரமா? வெந்த சின்ன வெங்காயம் நாக்கில் நசுங்கும்போது ஒரு தித்திப்பு வரும், வேகமாகச் சாப்பிட்டால் அது தெரியாமலே போய்விடும். மூன்று வாய்க்குப் பிறகு சாதாரணமாகச் சாப்பிடுங்கள், கூட இருப்பவர்களோடு பேசுங்கள். பாதிப் போசி காலியானதும் கையை எடுத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, வயிறு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இன்னும் வேண்டும் என்றால் சாப்பிடுங்கள். போதும் என்றால் மூடி வைத்துவிடுங்கள், நாலு மணிக்குப் பசித்தால் இருக்கவே இருக்கிறது. குடலிலிருந்து நிறைவுச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. ஏழு நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தால் அந்தச் செய்தி வந்து சேரும்போது இலையில் எதுவும் மிச்சம் இருக்காது.

மிக்சரையும் நான் தடை செய்யவில்லை. வீட்டுக்கு வந்ததும் கை, கால் கழுவிவிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி, டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டு, திண்ணையிலோ கட்டிலிலோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடும் முன்பு உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த நேரத்தில் அவித்த நிலக்கடலை இருந்தால் சாப்பிடுவேனா? சாப்பிடுவேன் என்றால் அது வயிற்றுப்பசி, கடலையையே சாப்பிடலாம். இல்லை, மிக்சர்தான் வேண்டும் என்றால் அன்றைக்கு ஆபீஸில் ஏதோ நடந்திருக்கலாம், களைப்பாக இருக்கலாம், வீட்டில் எல்லாரையும் கவனித்து உங்களை யாரும் கவனிக்காத எரிச்சலாக இருக்கலாம். அப்போதும் கிண்ணத்தில் இருப்பதைச் சாப்பிடலாம், தப்பில்லை. என்ன காரணம் என்று தெரிந்து சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான். ஆரம்பத்தில் இரண்டு, மூன்று வாரம் இந்த வித்தியாசமே பிடிபடாது. பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதையும் ஒரு டயட்டாக மாற்றிவிடாதீர்கள். உங்களை மாதிரி ஒழுங்கானவர்கள் செய்யக்கூடியது அதுதான். ஒரு வாய்க்கு 32 முறை மெல்ல வேண்டும், பேசவே கூடாது, ஒரு நாள் மறந்தால் எல்லாம் போச்சு என்று நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கினால் பழைய மில்க்‌ஷேக் கதையாகிவிடும்.

எடை குறையுமா என்று கேட்பீர்கள். கவனித்துச் சாப்பிடும் பயிற்சியில் அளவு மீறித் தின்பது குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் நல்ல ஆதாரம் இருக்கிறது. எடை குறைவது என்னவோ சொற்பம்தான். ஆறு மாதத்தில் இரண்டு, மூன்று கிலோ இறங்கினால் சந்தோஷப்படுங்கள், பத்துக் கிலோ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்க்க விரும்புவது எடை மெஷினை அல்ல, அந்த 6.1ஐ. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இதைப் பின்னுக்குத் தள்ள முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் வரை தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்ட பிரிவில், நோயாளியாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவில் எடை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை. எடை அசையாவிட்டாலும் உள்ளே நல்லது நடக்கலாம்.

அதற்கு யோகாவோடு நடையும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். மத்தியானமும் ராத்திரியும் சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் பொடிநடை நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை தணியும், மில் வளாகமே போதும். மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி.யைத் திரும்பப் பாருங்கள், கூடவே இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் அளந்து வையுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. டாக்டர் மாத்திரை ஏதாவது எழுதியிருந்தால், யோகா செய்கிறோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வைகாசிக் கல்யாணங்களுக்கு வருவோம். நம் ஊர்ப் பந்தியில் வேண்டாம் என்ற சொல் யாருக்கும் காது கேட்காது. ‘ஏனம்மணி, இவ்வளவுதானா சாப்பிடறே?’ என்று கேட்டுக்கொண்டே கரண்டி இலைக்கு வந்துவிடும். சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. காலி இலையைப் பார்த்தால்தான் பரிமாறுபவருக்குக் கை துறுதுறுக்கும், அதனால் மெதுவாகச் சாப்பிட்டு இலையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ‘இருக்குதுங்க, அப்புறம் வாங்கிக்கறேன்’ என்றால் யாருக்கும் மனசு நோகாது. அன்றைக்கு உங்களுக்கு நிஜமாகவே பிடித்தது என்ன என்று பந்தியில் உட்காரும்போதே முடிவு செய்யுங்கள். ஒப்புட்டு (போளி) என்றால் நெய் ஊற்றி ஒன்றை வாங்கி, முதலிலேயே, சூடாக, வேறெதிலும் கண் வைக்காமல் சாப்பிடுங்கள். சாம்பார் ஒரு சுற்று, ரசம் ஒரு சுற்று என்று மரியாதைக்குச் சாப்பிட்டு வயிற்றை நிரப்பிவிட்டுக் கடைசியில் ஆசைக்கு இரண்டு ஒப்புட்டையும் விழுங்குவதைவிட அது எவ்வளவோ மேல். கல்யாணத்துக்குப் போகிறோமே என்று காலையில் பட்டினி கிடக்கக் கூடாது. மறுநாள் பிராயச்சித்தமும் வேண்டாம், மறுநாள் வழக்கமான மூன்று வேளைதான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்து அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மத்தியானம் வயிறாரச் சாப்பிடத் தொடங்கி ஒரு மாதம் போன பிறகும், வாரம் ஒரு முறையாவது கட்டுமீறிச் சாப்பிடுவது நடந்தால், நிறுத்தவே முடியவில்லை என்று தோன்றினால், அது மூன்று மாதமாகத் தொடர்ந்திருந்தால், சிகிச்சை உள்ள ஒரு நோய்நிலையாக அது இருக்கலாம். மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். கோயம்புத்தூர், திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சர்க்கரைக்கு டாக்டரைப் பார்த்த மாதிரிதான் இதுவும்.

பெண் விஷயத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதிகக் கவலை அதில்தான். ராத்திரிச் சோற்றை நிறுத்துவதற்கு அவள் எங்கும் போய்க் கற்றிருக்க வேண்டியதில்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் பார்த்து வளர்ந்ததே டயட்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மாற்றவும் நீங்கள்தான் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். எடை மெஷின் கூடத்தில் இருந்தால் அலமாரிக்குள் போகட்டும். அவள் உடம்பைப் பற்றியோ உங்கள் உடம்பைப் பற்றியோ அவள் முன்னால் நல்லதாகவும் பேச வேண்டாம், கெட்டதாகவும் பேச வேண்டாம். மாமியாரிடமும் வீட்டுக்காரரிடமும் இதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள், முக்கியமாக ‘கொஞ்சம் இளைச்சுட்டே, நல்லா இருக்கே கண்ணு’ என்ற பாராட்டு வேண்டவே வேண்டாம். ராத்திரி நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். இரண்டு தோசையோ ஒரு கிண்ணம் ராகிக் களியோ, அவளைச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சாமல் நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள். ஏன் நிறுத்தினாள் என்று ஒரு நாள் சாதாரணமாகக் கேளுங்கள். படிப்புப் பயமாகவும் இருக்கலாம், வகுப்பில் யாராவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, தலைசுற்றல் வந்தாலோ, எடை வேகமாக இறங்கினாலோ, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். எப்படியும் இந்த வாரமே ஒரு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உங்கள் மூன்று மாத எச்.பி.ஏ.1.சி. வந்ததும் அவளுடைய ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.